கை இறங்கும் வரை

பிப்ரவரி 11, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம் மட்டும் காட்டலாம், எப்படியும் நீங்கள் அவரிடம் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. வேறு யாருக்கும் வேண்டாம். பல் டாக்டருக்கு வேண்டவே வேண்டாம். என் அம்மாவுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். சத்தியமாகக் கிழித்துவிடுங்கள்.

நான் யார் என்று யோசிக்க வேண்டாம். ஜனவரி கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் எங்கள் கூட்டு வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வந்தீர்களே, அப்போது உங்கள் பிஸ்கட்டையெல்லாம் ஓரம் ஓரமாகக் கடித்தே தீர்த்த சுண்டெலி. மூன்றாம் மாடி. பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அம்மாவின் மகள். எல்லாப் பிள்ளைகளும் உங்களைப் பாட்டி என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். “என் பொண்ணே இன்னும் என்னைப் பாட்டியாக்கல, நீ எதுக்கு அவசரப்படுற? அத்தைன்னு சொல்லு போதும்” என்றீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவம் கீழே நோட்டீஸ் பலகையில் குத்தியிருக்கிறது. முகவரியை அதிலிருந்துதான் எடுத்தேன். “பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். வீட்டில் சத்தமே இல்லை. எங்களுக்குச் சத்தம் வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டர் அதை உரக்கப் படித்தார். ஒன்பது குடும்பமும் கை தட்டியது. மார்ச் இருபதாம் தேதி உங்கள் வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே இங்கே வருகிறீர்கள் என்றும் சொன்னார். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு இங்கே யாரும் வாழ முடியாதாம்.

அத்தை, வராதீர்கள்.

எனக்கு நீங்கள் வர வேண்டும் என்றுதான் ஆசை. அதனால்தான் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். ஆனால் உங்களுக்கு வட்டத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விருந்தாளிகள் இருக்கும்போது வட்டம் போட மாட்டார்கள்.

இந்த வீட்டில் எதை முடிவு செய்தாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது. கீழே கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். பன்னிரண்டு வயது ஆனவர்கள் எல்லாரும். யாருக்குச் சம்மதம் இல்லையோ அவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கை எல்லாம் இறங்கும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான் விதி. கேட்டால் நல்ல விதி மாதிரிதான் இருக்கும். பலகையில் எழுதியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

போன வருடம் எனக்குப் பன்னிரண்டு முடிந்தது. என் முதல் வட்டம், டைப்பிஸ்ட் தாத்தா வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னதற்காகப் போட்டது. இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. மாடிப்படியில் யாரோ இறங்குகிறார்கள்.

பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தபால் எல்லாம் கீழே பொது மேசைக்கு வரும், யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். என் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்தக் கடை அக்காவின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள்,
சுண்டெலி


பிப்ரவரி 16, வெள்ளி

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வீட்டுக்குக் கையால் எழுதின கடிதம் வந்து எத்தனை வருஷமாயிற்று தெரியுமா? தபால்காரரே மாடியேறி வந்து, “உங்களுக்குத்தாம்மா” என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. கிழித்தும் போட்டாயிற்று. மனசே இல்லாமல்தான் கிழித்தேன், கையெழுத்து அவ்வளவு அழகு.

உனக்கு வேண்டுமென்றே கோபம் வருகிற மாதிரி ஒன்று சொல்லட்டுமா? பதின்மூன்று வயதில் எனக்கும் என் வீடு பிடிக்காது. அம்மா பிடிக்காது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடிக்காது, என் மூக்கு பிடிக்காது. மூக்கு மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் இருக்கிறவர்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். பொய் சொல்கிறவன் ஹலோ சொல்லும்போதே கண்டுபிடித்துவிடுவேன். உங்கள் பல் டாக்டர் குரலைக் காது கொடுத்துக் கேட்டேன். அதில் ஒரு துளி பொய் இல்லை. “இங்க வந்தவங்க யாருமே திரும்பிப் போனதில்லம்மா” என்று அவர் சொன்னபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு. இந்தக் காலத்தில் யார் அப்படி?

எங்கள் நிலைமையையும் கேள். மாமா ரிட்டையர் ஆகி மூன்று வருஷம். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை மாட்டினதே அவர்தான். இப்போது ஒரு நாளைக்கு நான்கு தடவை கீழே போய், லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறார். யாரும் மாட்டவில்லை என்றால் முகம் வாடிப்போகிறது. “இன்னிக்கும் நல்லாத்தான் ஓடுது” என்கிறார், ஏதோ துக்கச் செய்தி மாதிரி. நானோ மகள் அறையை வாரம் ஒரு தடவை கூட்டிப் பெருக்குகிறேன், அழுக்காகவே ஆகாத அறையை. மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். “சாப்பிட்டியாம்மா?” என்பான். “நீ சாப்பிட்டியா?” என்பேன். அப்புறம் இரண்டு பேரும் அடுத்தவர் ஏதாவது பேசட்டும் என்று காத்திருப்போம்.

உங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம், காலையில் கண் விழிக்கும்போதே எந்தப் பிள்ளையோ ஷூ காணோம் என்று கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலுக்காகவே வரலாம் என்று தோன்றியது.

கூட்டம் நீளமாக நடக்கிறது என்பதற்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா, கண்ணு? என் ஆபீஸ் யூனியன் கூட்டத்தை நீ பார்த்ததில்லை.

ஆனாலும் எழுது. அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல். நாங்கள் இருந்த வாரம் அவரைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லையே.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 20, செவ்வாய்

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் இல்லை. உங்கள் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் டைப்பிஸ்ட் தாத்தாவைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த வாரம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் உங்களை மாதிரிதான் வந்தார். தாத்தாவும் அவர் மனைவியும். பிள்ளை வெளிநாட்டில். வீட்டை விற்றுவிட்டு வந்தார்கள். எங்களுக்கெல்லாம் பள்ளிவிட்டு வந்ததும் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. “பிள்ளைகளுக்குப் பெரியவர்கள், பெரியவர்களுக்குப் பிள்ளைகள்” என்று வாசலில் எழுதியிருக்கிறதே, அது அவர் அடித்துக் கொடுத்ததுதான். தாத்தா எனக்குத் தட்டச்சு இயந்திரத்தில் என் பெயரை நூறு தடவை அடித்து ஒரு பூ மாதிரி செய்து கொடுத்தார்.

அவர் மனைவி போன வருடம் இறந்துபோனார். அதற்கு அப்புறம் தாத்தாவுக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. “பையன்கிட்டப் போறேன். அவன் கூப்பிடுறான்” என்றார். உடனே வட்டம் போட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணி. தாத்தா இங்கேயே இருக்கட்டும் என்று பல் டாக்டர் சொன்னதும் தாத்தா கையைத் தூக்கினார். அவருக்காக நாலைந்து பேர் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள், நான் இறக்கவில்லை.

யாரும் கத்தவில்லை அத்தை. ஒருவர்கூடத் திட்டவில்லை. ஒவ்வொருவராக அவரை எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னார்கள். “நீங்க போயிட்டா எங்க பொண்ணு சாப்பிட மாட்டா.” “அங்க போய்த் தனியா ஒரு ரூம்ல கெடக்கவா? எங்களுக்கு மனசு கேக்கல.” எல்லோரும் சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. மதியத்துக்குள் மற்ற கைகள் இறங்கிவிட்டன. தாத்தாவும் நானும்தான் மிச்சம். கை வலித்தால் மாற்றிக்கொள்ளலாம். தாத்தா முழங்கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டார்.

பாத்ரூம் போகலாம், ஆனால் கூட ஒருத்தர் வருவார், உள்ளேயும். தாத்தாவுக்கு அது வெட்கம். போகவே இல்லை. சாயங்காலம் அவர் நாற்காலிக்கு அடியில் ஈரமாக இருந்தது. பல் டாக்டர் எழுந்து வந்து தன் துண்டாலேயே துடைத்தார். “நம்ம அப்பாவுக்கு நாம செய்ய மாட்டோமா?” என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். எல்லோரும் அழுதார்கள்.

அப்போதுதான் நான் கையை இறக்கினேன். தாத்தாவால் தாங்க முடியாது என்று இறக்கினேன் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை அது இல்லை. எனக்குப் பசித்தது.

நான் இறக்கியதும் தாத்தா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் இறக்கினார். எல்லோரும் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். பாயசம் மாதிரி ஏதோ இனிப்புக்கூடக் கொடுத்தார்கள்.

இப்போது அவர் கீழே, சலவை அறைக்குப் பின்னால் இருக்கிற பின்னறையில் இருக்கிறார். அமைதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே இல்லை. சாப்பாடு நேரத்துக்குப் போகிறது, துணி சுத்தமாக இருக்கிறது, மருந்து தவறாது. அவர் பிள்ளைக்கு மாதா மாதம் கடிதமும் போகிறது. பல் டாக்டரின் மனைவி அடிக்கிறார், தாத்தாவின் தட்டச்சு இயந்திரத்திலேயே.

பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இல்லை என்றுதான் இப்போது உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள்,
சுண்டெலி


பிப்ரவரி 26, திங்கள்

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ கையை இறக்கினதற்கு உன்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. குழந்தை நீ. அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்ததே பெரிது.

மாமாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவருக்கு வட்டம், கூட்டம் எல்லாம் காதில் ஏறவில்லை. அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான் ஏறியது. “வெளியவா? வெளிப்பக்கமாவா?” என்று பத்து தடவை கேட்டார். அவர் தொழிலில் முதல் பாடமே அதுதானாம். “உள்ள மாட்டுனவன் கையிலதான் திறக்கிற வழி இருக்கணும். வெளிய நிக்கிறவன் கையில இருக்கக் கூடாது. லிஃப்ட்டானாலும் வீடானாலும் அதான்” என்று எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே நிறுத்தி, “தீ கீ பிடிச்சா?” என்கிறார்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய் நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார், உள்பக்கம் மாட்டுகிற மாதிரி. வந்த சூட்டோடு பல் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். பயப்படாதே, பயப்படாதே. உன் பேச்சே எடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “டாக்டர், நாங்க தங்கியிருந்தப்ப கண்ணுல பட்டுச்சு. பின்னறைக் கதவுல தாழ்ப்பாள் வெளிய இருக்கு. அது ஆபத்து. நான் வரும்போது மாத்திக் கொடுத்துடுறேன், செலவு என்னோடது” என்றார். நாற்பது வருஷ வாழ்க்கையில் இந்த மனிதர் சொல்லி நான் கேட்ட முதல் பொய், கண்ணில் பட்டது என்பது. காது மடல் சிவந்துபோயிற்று.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா! “இப்படி ஒருத்தர் எங்களுக்குக் கிடைக்கணுமே சார்” என்றார். உடனே மாற்றலாம் என்றும் சொன்னார்.

பார்த்தாயா? சொன்னால் கேட்கிற மனிதர்தான். ஒருவேளை அங்கே இருக்கிறவர்களுக்குத் தட்டிச் சொல்ல ஆள் இல்லாமல்தான் இப்படி ஆகிவிட்டதோ என்னவோ. நாங்கள் வந்தால் அந்தத் தாத்தாவுக்கும் ஒரு துணை, உனக்கும் துணை. மாமா வெறும் தாழ்ப்பாளோடு விடுகிற ஆள் இல்லை.

தைரியமாக இரு. ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


மார்ச் 1, வெள்ளி

அத்தைக்கு,

நீங்கள் தங்கிய வாரம் அந்தக் கதவுக்கு முன்னால் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு அறை இருப்பதே வெளியாட்களுக்குத் தெரியாது. மாமா அந்தக் கதவைப் பார்த்திருக்கவே முடியாது. நான் இதை எழுதாமல் விட்டது என் தப்பு. எனக்குத் தோன்றவே இல்லை.

பல் டாக்டர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “நம்ம வீட்டு விஷயத்தை நம்மகிட்டச் சொல்லாம வெளிய சொல்ற அளவுக்கு யாருக்கோ மனசுல பாரம் இருக்கு. அதை எறக்கி வைக்க நாமதான் உதவி பண்ணணும்.” அப்போதிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். என்னை நேற்றுக் கூப்பிட்டார். கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்து, “வாயத் திற பாப்பா, ரொம்ப நாளாச்சு பாத்து” என்று பல்லைப் பார்த்தார். வாய்க்குள் அந்தச் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டே, “உனக்கு அந்த டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவ ரொம்பப் பிடிக்கும்ல?” என்று கேட்டார். வாய் திறந்திருந்தால் பதில் சொல்ல முடியாது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. “யாருடி அந்தப் புண்ணியவதி? நம்மள நடுத்தெருவுல நிறுத்தாம விட மாட்டா போல” என்று என்னிடமே சொல்கிறாள். எங்களுக்கு இருக்கிற இடமும் அம்மாவுக்கு இருக்கிற வேலையும் அவர் கொடுத்தது.

தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற முறை புதன்கிழமை என்னுடையது. வாசலில் ஒருத்தர் நிற்பார், அதனால் பேச முடியாது. இந்தத் தடவை வாசலில் நின்றவர் இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார், நான் தாத்தாவிடம் சட்டென்று சொல்லிவிட்டேன். “தாத்தா, நான் அன்னிக்குக் கைய எறக்கிட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டு, “சாயங்காலம் ஆறு வரைக்கும் தூக்கி வெச்சிருந்தியே, அதையும்தான் பாத்தேன்” என்றார். அப்புறம், “அந்த அம்மா வீட்ட வித்துட்டாங்களா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “சொல்லு அவங்களுக்கு. எனக்கும் ஒரு வீடு இருந்திருந்தா, அன்னிக்கு நான் எழுந்து நடந்திருப்பேன். போறதுக்கு எடம் இல்லாதவனாலதான் உக்காந்திருக்க முடியும்” என்றார். அதற்குள் இருமினவர் வந்துவிட்டார்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள் அத்தை. நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்தச் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். இந்த வீட்டுக்கு வெளியே எனக்குத் தெரிந்த கதவு உங்களுடையது ஒன்றுதான்.

சுண்டெலி


மார்ச் 11, திங்கள்

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கசக்கிவிட்டேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே நானும் மாமாவும் முடிவு பண்ணிவிட்டோம். சாவியைக் கொடுப்பதில்லை. வாங்க வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு முன்பணத்தைத் திருப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பல் டாக்டருக்கும் போன் பண்ணி, “கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு” என்று மரியாதையாகச் சொன்னோம். “தாராளமா யோசிங்க. ஆனா தனியா யோசிக்காதீங்க” என்றார்.

நேற்று ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. டாக்டரும் அவர் மனைவியும், உங்கள் வீட்டிலிருந்து இன்னும் ஆறு பேரும். அந்த ஆறு பேரில் உன் அம்மாவும் இருந்தாள். பழம், பூ எல்லாம் கொண்டு வந்தார்கள். சாப்பாடுகூடச் சமைத்தே எடுத்து வந்துவிட்டார்கள், எனக்கு வேலை வைக்கக் கூடாதாம். எங்கள் கூடத்தில் எட்டு பேர் உட்கார நாற்காலி இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்து மாமாவே போட்டார். போட்டு முடித்துவிட்டுத்தான் பார்த்தார், வட்டமாகப் போட்டிருந்தார்.

நீ எழுதின மாதிரியேதான். யாரும் கத்தவில்லை. எங்களை அவ்வளவு புகழ்ந்தார்கள். என் பிள்ளைகள்கூட என்னை அப்படிப் பேசினதில்லை. முதல் மூன்று மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பிறகு, “கெளம்பட்டுமா?” என்று யாராவது கேட்பார்களா என்று பார்த்தேன். கேட்கவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போனால் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். படுக்கையறைக்குப் போனால் டாக்டரின் மனைவி கூடவே வந்து என் தலையைக் கோதிவிட்டாள். மாமா, “லிஃப்ட்டப் பாத்துட்டு வரேன்” என்றார். “நாங்களும் வரோம் சார், எங்களுக்கும் காட்டுங்க” என்று மூன்று பேர் எழுந்தார்கள். மாமா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

என் வீடு, சுண்டெலி. என் கதவு, என் பூட்டு. போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷம் எத்தனை பேர் லைனைப் பட்டென்று துண்டித்திருக்கிறேன். முகத்துக்கு நேரே வரவில்லை எனக்கு. பழம் கொண்டு வந்தவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி யார் சொன்னது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் சொல்லவில்லை. ஐந்து மணிக்குச் சொல்லவில்லை, ஆறு மணிக்குச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மாமா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்து, வாய் கோணின மாதிரி எனக்குத் தோன்றியது. வெறும் களைப்புதான் என்று இப்போது தெரிகிறது. அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு, “சரி, வரோம். இருபதாம் தேதி சாவியக் கொடுத்துட்டு வந்துடறோம். அந்தக் குழந்தைய மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்றேன்.

குழந்தை என்றுதான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

எந்தக் குழந்தை என்று யாரும் கேட்கவில்லை. உன் அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அவள் தோளில் கையை வைத்தார்.

நீ குழந்தை என்பதால் கையை இறக்கினாய் என்று உனக்கு எழுதினேனே. எனக்கு அறுபத்திரண்டு வயது.

நாங்கள் வருகிறோம். வாக்குக் கொடுத்துவிட்டோம். வந்து உன் பக்கத்தில் இருப்போம். அதைத் தவிர வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

அத்தை


மார்ச் 15, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மேல் கோபம் இல்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எட்டு மணி நேரமே எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு ஒன்பது. மாமா நன்றாக இருக்கிறார் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் கடை அக்கா என் பக்கத்து பெஞ்ச்சுக்காரியின் வரைபட நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினார். நான் கடைக்குப் போக முடியாது. திங்கட்கிழமையிலிருந்து பல் டாக்டர்தான் என்னைக் காரில் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறார். பாட்டுப் போட்டு விடுகிறார். எனக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்கிறார். ஒரு தடவைகூடக் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மா அன்று வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேற்று என் தலையை வாரிவிடும்போது மட்டும், “ஏண்டி, நான் உன்ன எங்க கூட்டிட்டுப் போவேன்? சொல்லு, எங்க போவேன்?” என்றாள். சீப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது. அவள் கேட்டது கேள்விதான் அத்தை. வட்டத்தில் கேட்கிற மாதிரி இல்லை. உண்மையாகவே எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் பின்னறையில் இரண்டாவது கட்டில் போட்டிருக்கிறார்கள். மெத்தை புதிது. சின்ன மேசை, விளக்கு எல்லாம் வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்க எனக்கு அமைதி வேண்டுமாம். நாளை மறுநாள் ஞாயிறு, காலை பத்து மணிக்கு அதற்காக வட்டம். எல்லோரும் என்னைப் பார்த்து அவ்வளவு அன்பாகச் சிரிக்கிறார்கள். இரண்டாம் மாடி அண்ணி, “குடுத்து வெச்சவடி நீ, தனி மேசை, தனி விளக்கு” என்று கன்னத்தைக் கிள்ளினார்.

நான் கையைத் தூக்கப் போகிறேன். இந்தத் தடவை சனிக்கிழமை ராத்திரியே நிறையச் சாப்பிட்டுவிடுவேன். பாத்ரூமுக்குக் கூட யார் வந்தாலும் போவேன், வெட்கப்பட மாட்டேன். தாத்தாவையும் வட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்கப் போகிறேன், அவரும் இந்த வீட்டில்தானே இருக்கிறார். அவரும் தூக்கினால் இரண்டு கை. அம்மா தூக்க மாட்டாள். ஆனால் அவள் என் முழங்காலைக் கிள்ளாமல் இருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று தெரியாது. எழுந்து நடக்க ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் தாங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சரி என்று சொன்னது வாயால்தான். இன்னும் கையால் கொடுக்கவில்லை. இந்த வீட்டில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் மாட்டேன் என்று யாருமே சொன்னதில்லை. அதனால் அப்படிச் சொல்ல முடியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இன்னும் இந்த வீட்டு ஆள் இல்லை. உங்களால் முடியும். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு வாக்குக் கொடுங்கள், அது பின்னால் கொடுத்தது என்பதால் அதுதான் செல்லும்.

நாளை அரைநாள் பள்ளி. பக்கத்து பெஞ்ச்சுக்காரி தபாலில் போட்டுவிடுவாள். செவ்வாய்க்கிழமை உங்கள் கையில் இருக்கும். புதன்கிழமைதான் இருபதாம் தேதி. ஒரு நாள் இருக்கிறது. வாங்குபவர்கள் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். டாக்டர் வந்தாலும் திறக்காதீர்கள். நாற்காலி போடாதீர்கள். மாமாவிடம் சொல்லுங்கள், உள்ளே மாட்டியிருக்கிறவர்கள் நாங்கள்தான், நான், தாத்தா, அம்மாவும்கூட, வெளியே திறக்கிற வழி உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது என்று. ஞாயிறு முடிந்து நான் எப்படியாவது உங்கள் வீட்டுக்கு வருவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நான்காம் மாடி என்பது தெரியும். லிஃப்ட்டில் வருகிறேன். நீங்கள் மட்டும் அந்தச் சாவியை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவள்தான் எழுந்து போய்